பிள்ளையைப் பார்ப்பவரை யார் பார்ப்பது?

இந்த மாதம் வந்த கடிதங்களை மேசையில் பரப்பி வைத்து ஒரே மூச்சில் படித்தேன். எல்லாமே 'என் பையன்', 'என் பொண்ணு', 'என் பேரன்' என்றுதான் ஆரம்பிக்கின்றன. நாலு வரி தாண்டியதும் பிள்ளை ஓரமாகப் போய்விடுகிறது. எழுதியவரின் தூக்கமில்லாத ராத்திரி வருகிறது, எழுதியவரின் கோபம் வருகிறது, பேச்சு நின்றுபோன ஒரு வீடு வருகிறது. அதனால் இந்த இதழில் வளர்க்கிறவர்களைப் பற்றியே பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட், வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். பையன் இரண்டாம் வகுப்பு. ஹோம்வொர்க் எழுதாமல் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வருமோ தெரியவில்லை, கத்துகிறேன், அடித்தும் விடுகிறேன். போன வாரம் ஸ்கேலால் அடித்ததில் கையில் தடிப்பு. அவன் தூங்கிய பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். காலையில் எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி 'அம்மா, டிபன்ல என்ன?' என்று கேட்கிறான். நான் கெட்ட அம்மாவா? — பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தங்கச்சி, உங்கள் வேலையைப் பற்றி முதலில் யோசித்தேன். நாள் முழுக்க ட்யூப் லைட் வெளிச்சத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு பீஸாகப் புரட்டி ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று குறையை மட்டுமே தேடுகிற வேலை. பன்னிரண்டு மணி நேரம் அப்படித் தேடிய கண்ணோடு வீட்டுக்குள் காலை வைத்தால் முதலில் கண்ணில் படுவது எழுதாத நோட்டாகத்தான் இருக்கும். பையன் பல் விழுந்த வாயோடு உங்களைப் பார்த்துச் சிரித்தது அப்போது தெரியாது.

அடிப்பது நிற்க வேண்டும். அதில் சமாதானம் சொல்ல மாட்டேன். நாளைக் காலையிலேயே அந்த ஸ்கேலை அவன் புத்தகப் பையில் போட்டு அனுப்பிவிடுங்கள், ராத்திரி கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பாதித்தது ஸ்கேல் இல்லை. நீங்கள் அழுதது அவன் தூங்கிய பிறகு. அவனுக்கு அது தெரியவே தெரியாது. அவன் பக்கம் இருந்து பாருங்கள்: ராத்திரி அடி விழுந்தது, காலையில் இட்லி வந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. அந்த நடு இடத்தை ஏழு வயதுப் பிள்ளை தானாக எதையாவது போட்டு நிரப்பிக்கொள்ளும். பெரும்பாலும் 'நான் கெட்ட பையன், அதனாலதான்' என்று.

அமெரிக்காவில் எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் 1970களில் செய்த சோதனை ஒன்று உண்டு. கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மாவை, கொஞ்ச நேரம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், ஏதேதோ சத்தம் கொடுத்து அம்மாவைத் திரும்ப இழுக்கப் பார்க்கும். முடியாதபோது துவண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இல்லையென்றால் வீறிட்டு அழும். இது பலருக்குத் தெரிந்த கதை. இதற்கு அப்புறம் அவர் கண்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: நன்றாக இருக்கிற தாய்க்கும் குழந்தைக்கும் நடுவில்கூட மனசும் மனசும் ஒத்துப்போவது மொத்த நேரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம்தான். மிச்ச நேரமெல்லாம் தப்பிப்போவதும் திரும்ப வந்து சேருவதுமாகவே போகிறது. அப்படித் திரும்பி வந்து சேருவதில்தான் பிள்ளைக்கு நம்பிக்கை பிறக்கிறது, 'அம்மா போனாலும் வந்துவிடுவாள்' என்று. எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் அம்மா எந்த வீட்டிலும் கிடையாது.

அதனால் பகல் வெளிச்சத்தில், அவன் முழித்திருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: 'அன்னிக்கு அம்மா அடிச்சது தப்பு. அம்மாவுக்கு ரொம்ப அசதி, அதை உன் மேல காட்டிட்டேன். உன் மேல தப்பில்ல.' இதோடு நிறுத்திவிட வேண்டும். 'ஆனா நீயும் எழுதியிருந்தா நான் ஏன் அடிக்கப்போறேன்' என்று ஒரு வால் சேர்த்தீர்களானால் சொன்னதெல்லாம் வீண். 'இனிமே கோபமே படமாட்டேன்' என்ற சத்தியமும் வேண்டாம், காப்பாற்ற முடியாது. 'கை ஓங்க மாட்டேன்' என்று மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம், ராத்திரி ஒன்பது மணிக்கு ஹோம்வொர்க் என்பதே உங்கள் இருவருக்கும் ஆகாத காரியம். வகுப்பு டீச்சரிடம் ஒரு சனிக்கிழமை போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், இல்லையென்றால் நோட்டில் நாலு வரி எழுதி அனுப்புங்கள். லைன் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஐந்தாவது ஆறாவது படிக்கும் அக்கா யாராவது இல்லாமலா இருப்பாள்? அவளோடு ஆறு மணிக்கு உட்கார்ந்து எழுதட்டும். நீங்கள் வந்ததும் முகம் கழுவி, எதையாவது சாப்பிட்டுவிட்டு, நோட்டைப் பார்க்காமல் பத்து நிமிஷம் அவன் பக்கத்தில் சும்மா படுத்திருங்கள், அவன் பேசுவான்.

இன்னொன்று. இரண்டு பக்கக் கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்கிறாரா, இருந்தும் இல்லையா, தெரியவில்லை. வேலை முடிந்து வரும் உங்களை 'சாப்பிட்டியா?' என்று கேட்க யார் இருக்கிறார்கள்? அதை அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: சொத்து விஷயத்தில் எனக்கும் மனைவிக்கும் மனஸ்தாபம். நாலு மாதமாகப் பேச்சு இல்லை. ஆனால் ஒரு நாள்கூட மகள் முன்னால் சண்டை போட்டதில்லை, குரல் உயர்த்தியதில்லை, அவளுக்கு எதுவும் தெரியாது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் இப்போது வாரத்தில் இரண்டு நாள் வயிற்று வலி என்று லீவு போடுகிறாள். ஸ்கேன்வரை எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்கிறார்கள். படிப்புச் சுமையா, மொபைலா? — வாசகர், திண்டுக்கல்

பதில்: சார், உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை நான் சொல்லட்டுமா? 'அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு.' 'கேஸ் புக் பண்ணியாச்சான்னு அம்மாகிட்ட கேளு.' அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை நடந்துகொண்டே இருக்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் ஒரு வருடத்துக்கும் மேல் பேசிக்கொள்ளவில்லை. 'உங்கப்பாவுக்கு வேணும்னா வந்து தின்னட்டும்' என்று அம்மா சொல்லுவார். நான் ஹாலுக்கு வருவதற்குள் அதை 'அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க' என்று மாற்றி வைத்திருப்பேன். அப்பா முறைத்துக்கொண்டு 'பசிக்கல' என்பார். நான் அடுக்களைக்குப் போய் 'அப்பா இப்ப வர்றேன்னாங்க' என்பேன். ஒரு கடுஞ்சொல்லை நல்ல சொல்லாக்க எத்தனை அடி தூரம் வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரியும், எங்கள் வீட்டில் பதினோரு அடி. பள்ளியில் கணக்குப் பாடம் நடக்கும்போது வீட்டில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்குமோ என்றே மனசு ஓடும். எனக்கும் வலித்தது, தலை. பொய் வலி இல்லை, நிஜமாகவே வலிக்கும்.

உங்கள் மகளின் வலியையும் நடிப்பு என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடை குறைந்தாலோ, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வலித்தாலோ திரும்ப டாக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் நாலு மாதக் கணக்கை ஒரு முறை எண்ணிப் பாருங்கள், வலி எப்போது ஆரம்பித்தது என்று.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டாது என்று நாம் நினைப்பதற்கு நேர்மாறாகத்தான் ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையான 20 குழந்தைகளைத் தூங்கும்போதே மூளை ஸ்கேன் எடுத்து, ஒரு மனிதக் குரலை வெவ்வேறு தொனியில் கேட்க வைத்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில், பெற்றோருக்குள் சச்சரவு அதிகம் இருந்த வீட்டுக் குழந்தைகளின் மூளை, தூக்கத்திலும் கோபக் குரலுக்குக் கூடுதலாகப் பதில் காட்டியது. தூங்குகிற கைக்குழந்தைக்கே அப்படியென்றால் பதினொரு வயதுப் பெண் குழந்தைக்கு உங்கள் மௌனம் கேட்காதா?

அதற்காகச் சண்டையே போடக் கூடாது என்று சொல்ல வரவில்லை. மார்க் கம்மிங்ஸ் என்ற ஆய்வாளர் இதற்காகவே பல வருடங்களைச் செலவிட்டவர். பெற்றோர் சண்டை போடுவதைப் பார்க்கிற பிள்ளை, அது தீர்வதையும் பார்த்துவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு தீர்த்துவிட்டு, 'நாங்க பேசிச் சரி பண்ணிக்கிட்டோம்' என்று அப்புறம் சொன்னால்கூடப் பிள்ளைக்கு நிம்மதி வருகிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதும் பிள்ளையின் கணக்கில் சண்டைதான், அதுவும் முடிவே தெரியாத சண்டை.

சொத்து விவகாரம் தீர வருடக் கணக்காகலாம். அது ஒரு பக்கம் ஓடட்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணம் இல்லாமல் சமரசப் பேச்சுக்கு வழி உண்டு, கேட்டுப் பாருங்கள். இன்று ராத்திரி மகள் காதில் விழும்படி மனைவியிடம் நேராக ஒரு வாக்கியம் பேசுங்கள். 'குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து' போதும். நாலு மாதத்துக்குப் பிறகு அந்த ஒரு வரி வாயிலிருந்து வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்புறம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அவளிடம், 'எங்களுக்குள்ள ஒரு பிரச்சினை. உன்னால வந்தது இல்ல. இனிமே உன்கிட்ட எதுவும் சொல்லி அனுப்ப மாட்டோம்' என்று சொல்லுங்கள். அவள் எதுவும் பேசாமல் எழுந்து போய்விடலாம், அதற்காக வருத்தப்பட வேண்டாம். சொன்னதைக் காப்பாற்றுகிறீர்களா என்று அடுத்த வாரம் முழுக்கக் கவனித்துக்கொண்டிருப்பாள்.

கேள்வி: மருமகளை மூன்றாம் மாதம் தாய் வீட்டிலிருந்து அழைத்து வந்தோம். வந்ததிலிருந்து அழுகைதான். தலை வாருவதில்லை, குழந்தை அழுதால் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கச் சொல்கிறார்கள். மகன் 'நடிக்கிறா' என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. — ஒரு மாமியார், தஞ்சாவூர்

பதில்: அம்மா, நடிப்பும் இல்லை, காற்றும் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிள்ளை பெற்ற முதல் சில நாள் அழுகை பலருக்கும் வரும், இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். மூன்றாம் மாதத்திலும் இருக்கிறது என்றால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய், பார்த்தால் குணமாகிற நோய். 1987இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, தமிழிலும் இருக்கிறது, அதை வைத்தே டாக்டர் ஓரளவு கண்டுபிடித்துவிடுவார். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் உண்டு என்பதால் அதை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

கோயிலுக்குப் போவது அவளுக்கு ஆறுதல் என்றால் போய் வாருங்கள், டாக்டரைப் பார்த்துவிட்டு. அவள் ராத்திரி தூங்காமலே சுறுசுறுப்பாக இருந்தாலோ, யாரோ பேசுவது கேட்கிறது என்றாலோ, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்ற பேச்சு வந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, தனியாக விடக் கூடாது, 108க்குக் கூப்பிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சந்தேகம் கேட்க 14416 என்ற எண் இருக்கிறது, 2022 அக்டோபரில் ஆரம்பித்த 'டெலி மானஸ்' சேவை, இரவு பகல் எப்போதும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் உங்களால் முடிகிற பெரிய மருந்து தூக்கம். ராத்திரி நாலைந்து மணி நேரம் அவள் விடாமல் தூங்கட்டும், குழந்தையை உங்கள் மகன் தோளில் போடுங்கள். 'நாங்கள்லாம் பெத்து வளர்க்கலையா' என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். பயமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அதே பரிவோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையை வாரிவிடுங்கள். அந்தக் குழந்தைக்கு இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடியதில் அதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பெல்ட் அடி வாங்கினேன், இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறேன். பேரனை அதட்டினாலே மருமகன் முகம் சுளிக்கிறார். இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் மனசு மனசு என்று ஏன் இத்தனை பேச்சு? — ஓய்வுபெற்ற வாசகர் (71), காரைக்குடி

பதில்: ஐயா, நீங்கள் நன்றாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி, உண்மையாகவே. ஆனால் அது பெல்ட்டால் வந்ததா, பெல்ட்டையும் தாண்டி வந்ததா?

ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் தன் குழுவோடு, அவர்கள் நாற்பது வயதைத் தொடும் வரை விடாமல் பின்தொடர்ந்தார். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு வறுமை, வீட்டில் சண்டை, அப்பாவின் குடி, அம்மாவின் மனநோய் என்று கஷ்டத்துக்கு மேல் கஷ்டம். அவர்களில் பெரும்பாலோர் வளர வளரத் தடுமாறினார்கள். ஆனால் அவர்களிலேயே மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையோடு, பிறர்மேல் அக்கறையோடு நல்லபடியாக எழுந்து வந்தார்கள். எப்படி என்று தேடியபோது, ஒவ்வொருவருக்கும் சிறுவயதில் நிதானமான ஒரு பெரியவராவது துணைக்கு இருந்திருக்கிறார். பெற்றவர்தான் என்றில்லை. பாட்டியாக இருக்கலாம், சித்தியாக, வாத்தியாராக, பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம்.

பெல்ட் அடி வாங்கிய ராத்திரி உங்களுக்கு யார் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்கள்? யாரோ இருந்திருக்கிறார்கள். அவரை நினைத்துப் பாருங்கள்.

அப்படி யாரும் வாய்க்காதவர்கள் 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று பத்திரிகைக்கு எழுதுவதில்லை. 1990களில் அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்தில் 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம், சிறுவயதில் வீட்டில் அடி, வசவு, குடி இதெல்லாம் இருந்ததா என்று கேட்டார்கள். அந்த அனுபவங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடக் கூட, வளர்ந்த பிறகு மனச்சோர்வும் குடியும் இதய நோயும்கூடச் சேர்ந்து கூடியிருந்தன. பள்ளியில் பிள்ளையை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009லேயே தடுத்துவிட்டது, வீட்டுக்கு மட்டும் நாம் விலக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் மருமகன் முகம் சுளிப்பதை அவமரியாதையாக எடுக்காதீர்கள். அவரோடு ஒரு மாலை நடைக்குப் போய், அந்தப் பெல்ட்டைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள், நன்றாக இருந்த பகுதியை மட்டும் இல்லை, வலித்த பகுதியையும். உங்கள் பேரனுக்கு அந்த நிதானமான பெரியவர் நீங்களாகவே இருக்கலாமே.

கேள்வி: குடித்துவிட்டு வந்து கணவர் அடிக்கிறார். பதின்மூன்று வயது மகன் இப்போது கிரிக்கெட் மட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல்படியில் படுக்கிறான், 'அம்மா, நீ தூங்கு, நான் பார்த்துக்கிறேன்' என்கிறான். பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போகிறேன். — கடலூர்

பதில்: அம்மா, மேலே மன்னிப்பு, சமாதானம், பேசித் தீர்ப்பது என்று எழுதியது எதுவும் உங்களுக்கு இல்லை. கை ஓங்குகிற வீட்டில் முதலில் பாதுகாப்பு, மற்றதெல்லாம் அப்புறம். பெண்கள் உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டச் சமூக நலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவரைப் பார்க்கலாம், அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமையும் அந்தச் சட்டத்தில் உங்களுக்கு உண்டு. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், மகனின் பள்ளிச் சான்றிதழ்கள், கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒரு வீட்டில் இன்றே கொடுத்து வையுங்கள். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் தட்டக்கூடிய கதவு குறைந்தது இரண்டு வேண்டும், முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மகனிடம், 'என்னைக் காப்பாத்துறது உன் வேலை இல்லை, அதுக்கு நான் பெரியவங்களைப் பிடிச்சிருக்கேன்' என்று சொல்லுங்கள். ஆனால் யாரையாவது நிஜமாகவே பிடித்த பிறகுதான் சொல்ல வேண்டும், வெறும் வார்த்தையை அவன் நம்ப மாட்டான். பிள்ளைகளுக்காகப் பொறுக்கிறேன் என்கிறீர்கள், அந்தப் பிள்ளை உங்களுக்காகத் தூங்காமல் கிடக்கிறான்.

குடியை நோயாக எடுத்து வைத்தியம் செய்கிற இடங்கள் உண்டு. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் அதையே செய்கிறது, குடும்பத்தாருக்கும் தனியாக ஆலோசனை தருகிறார்கள். அரசு மருத்துவமனைகளிலும் போதை மறுவாழ்வுப் பிரிவுகள் இருக்கின்றன. பல வருடம் தினமும் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். குடிப்பவர்களின் வீட்டாருக்காகவே கூடுகிற 'அல்-அனான்' குழுக்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் அங்கே போய் உட்காரலாம்.

கேள்வி: அங்கன்வாடிப் பணியாளர் நான். 'பிள்ளைகளிடம் எப்போதும் சிரித்த முகமாக இருங்கள்' என்று பயிற்சியில் சொல்கிறார்கள். என் வீட்டு நிலைமையில் அது வருவதில்லை. — விருதுநகர் மாவட்டம்

பதில்: வராதுதான். சமைக்கவும் எடை பார்க்கவும் ரிஜிஸ்டர் எழுதவும் போனில் ஏற்றவும் ஒரே ஆள், இதில் சிரிப்பையும் உத்தரவு போட்டு வாங்க முடியாது. தமிழ்நாட்டில் 50,000க்கும் மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன, அத்தனையிலும் பிள்ளையின் எடைக்கு அட்டை இருக்கிறது, உங்கள் மனசுக்கு ஒரு பக்கமும் இல்லை. மாதாந்திரக் கூட்டத்தில் அரை மணி நேரமாவது நீங்கள் பேசவும் உங்கள் பேச்சைக் கேட்கவும் ஒதுக்க வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் எழுதிக் கேளுங்கள், நாலு பேராகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டு. அதுவரை, மனசு சரியில்லாத நாளில் பிள்ளைகளிடமே 'இன்னிக்கு டீச்சருக்குக் கொஞ்சம் சோர்வு, உங்க மேல கோபம் இல்ல' என்று சொல்லிவிடுங்கள். நாலு வயதுக்கு அது புரியும், எதிரில் வந்து உங்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கவும் கூடும்.

கேள்வி: மகளிர் குழு நடத்துகிறோம், பன்னிரண்டு பேர். சேமிப்பு, கடன் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. ஆனால் ஒவ்வொருத்தி வீட்டிலும் ஏதோ ஒன்று, பிள்ளைகள் வாடிப்போய்த் திரிகிறார்கள். எங்கள் ஊருக்கு மனநல மருத்துவர் வரப்போவதில்லை. நாங்களாக ஏதாவது செய்ய முடியுமா? — குழுத் தலைவி, தர்மபுரி மாவட்டம்

பதில்: தலைவி அம்மா, தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989இல் முளைத்ததே உங்கள் மாவட்டத்தில்தான். அதனால் முடியுமா என்று நீங்கள் கேட்கக் கூடாது.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாடு. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் வர வேண்டிய ஓர் இளம்பெண், பஸ்ஸுக்குப் பணம் இல்லாததால் வர முடியாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த அடியிலிருந்து சிபாண்டா யோசித்தார், ஜனங்கள் டாக்டரைத் தேடி வர முடியாவிட்டால் அவர்கள் இருக்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று. பாட்டிகள் இருந்தார்கள். 2006இல் ஹராரே நகரத்தின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களோடு ஆரம்பித்தார். சுகாதார நிலையத்துக்குள் இடம் இல்லை என்றதும் வெளியே ஒரு மர பெஞ்சு போட்டார்கள். முதலில் அதற்கு மனநல பெஞ்சு என்று பெயர் வைக்க, ஒருவரும் வரவில்லை. பாட்டிகள்தான் அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'நட்பு பெஞ்சு' என்று வைக்கச் சொன்னார்கள். அங்கே ஷோனா மொழியில் இந்த நோய்க்கு 'குஃபுங்கிசிசா' என்று பெயர், ரொம்ப யோசிப்பது என்று அர்த்தம். நம் ஊரில் 'ஒரே யோசனையா இருக்குக்கா' என்று சொல்லுகிறோமே, அதுவேதான்.

பாட்டிகள் என்ன செய்தார்கள்? வந்தவர் சொல்லுவதை முழுக்கக் கேட்டார்கள். அதில் எதை இந்த வாரம் கையில் எடுக்கலாம் என்று வந்தவரையே தேர்ந்தெடுக்க வைத்தார்கள், அதற்கு ஒரு சின்ன வழியை அவரே கண்டுபிடிக்க உதவினார்கள், அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். இப்படி ஆறு தடவை. 573 பேரை வைத்து 24 சுகாதார நிலையங்களில் முறையாகச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட, பாட்டிகளிடம் போய்ப் பேசியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது.

அந்தப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள், பின்னால் டாக்டரும் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்து ஆட்கள் இருப்பார்கள், ஒரு கூட்டத்துக்கு அவர்களை வரவழைத்து, எதை நீங்கள் கேட்டுக்கொள்ளலாம், எதை உடனே அனுப்பிவிட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் அது குழுவில் வைத்துத் தீர்க்கும் விஷயம் இல்லை, அன்றைக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

மற்றபடி, சேமிப்பு நோட்டை மூடிய பிறகு அரை மணி நேரம். மூன்று கட்டுப்பாடு போதும்: இங்கே பேசியது வெளியே போகக் கூடாது, கேட்காமல் புத்திமதி சொல்லக் கூடாது, 'உன்னைவிட எனக்குக் கஷ்டம்' என்று போட்டி போடக் கூடாது. மூன்றாவதுதான் ரொம்பச் சிரமம், சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், விலைவாசி பேசிவிட்டு எழுந்து போவார்கள். பரவாயில்லை, உட்கார்ந்திருங்கள். ஒருத்தி அழ ஆரம்பித்தால் மற்றவர்கள் அவசரப்பட்டு 'அழாதே' என்று சொல்ல வேண்டாம். அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பக்கத்திலேயே விளையாட விடுங்கள், பேச்சு கேட்காத தூரத்தில், அம்மா முகம் தெரிகிற தூரத்தில்.

உங்கள் கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அடுத்த மாதம் அரூர் பக்கம் ஒரு வேலையாக வருகிறேன், உங்கள் ஊரில் இறங்கி ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.